திரையில் துடித்த பெயர்

யுகேந்திரனின் இதயம் மாதவியின் மேசைமேல் துடித்துக்கொண்டிருந்தது.

மேசைமேல் இருந்த கணினித் திரையில்தான். பிரிக்பீல்ட்ஸில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் காலடியில், பழைய கொள்கலன் ஒன்றுக்குக் கதவும் ஜன்னலும் வைத்து அவளுக்கு அலுவலகம் ஆக்கிக் கொடுத்திருந்தார்கள். மேலே வேலை செய்யும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு கறுப்புப் பட்டை உண்டு. நாடித்துடிப்பு, உடம்புச் சூடு, எந்த மாடியில் நிற்கிறார் என்ற விவரம், எல்லாவற்றையும் அது கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் நிழலில் உட்கார வேண்டும். சிவப்பு என்றால் வேலையை விட்டுவிட்டு இறங்க வேண்டும். திரையைப் பார்ப்பதும், ஆளைக் கூப்பிட்டு எச்சரிப்பதும் பாதுகாப்பு அதிகாரி மாதவியின் வேலை.

திரையில் இருந்த பெயர்களில் ஒன்று அவள் கணவனுடையது. கான்கிரீட் ஊற்ற அச்சுப்பலகை அடிக்கும் குழுவுக்கு யுகேந்திரன்தான் ஃபோர்மன். காலையில் கிள்ளானிலிருந்து ஒரே காரில் வருவார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் அவன் மேலே போய்விடுவான், அவள் கொள்கலனுக்குள் போய்விடுவாள். பட்டை கொடுத்த நாளன்று, அவனுடைய பட்டையின் உள்பக்கத்தில் தன் நெற்றியிலிருந்த சிவப்புப் பொட்டை எடுத்து ஒட்டிவிட்டாள். "என்னா இது, மோட்டாருக்கு வைக்கிற மாதிரி எனக்கும் பொட்டா?" என்று கேட்டான். ஆனால் பிய்த்து எறியவில்லை.

மாதவிக்கு ஒரு திருட்டுப் பழக்கம் இருந்தது. அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவன் பெயரைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, வாக்கி டாக்கியை எடுத்து, கேட்கிறதா என்று கூப்பிடுவாள்.

"ஃபோர்மன் யுகேன், கொப்பி?"

அவ்வளவுதான். அவன் பதில் சொல்வதற்கு முன்பே துடிப்பு எண் நாலைந்து ஏறும். பிறகு மெல்ல இறங்கும். அதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போனதும் வம்புக்கு இழுத்தாள்.

"கல்யாணம் ஆயி ஆறு வருசம் ஆச்சு. இன்னும் என் குரல் கேட்டா உங்களுக்குப் படபடன்னு அடிக்குது. என்கிட்ட ஆதாரம் இருக்கு."

"பயம் லா மாது. பொண்டாட்டி ரேடியோல கூப்பிட்டா எவனுக்குத்தான் ஏறாது?"

நோன்பு மாதம் பிறந்ததும் அந்தச் சின்ன சந்தோஷம் நின்றுபோனது.

அவள் கூப்பிடுவாள். அவன் குரல் வரும், எண் அசையாது. கொஞ்சிக் கூப்பிட்டுப் பார்த்தாள், அசையவில்லை. கோபமாகக் கூப்பிட்டுப் பார்த்தாள், அப்போதும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே நின்றது. அது போதாதென்று பிற்பகலில் அவன் பெயர் உடம்புச் சூட்டால் மஞ்சளாகி, சில நாள் சிவப்பாகவும் ஆனது. "தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று திட்டி, பார்லித் தண்ணீர் காய்ச்சிப் பெரிய போத்தலில் கொடுத்தனுப்பினாள். போத்தல் காலியாகத்தான் திரும்பி வந்தது. சூடு மட்டும் குறையவில்லை. அவள் மனசுக்குள் ஒரு ஓரமாக, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு வருத்தம் குடியேறியது. என் குரல் அவருக்குப் பழகிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அதே நாட்களில் இன்னொரு பெயரும் அவளைத் தொந்தரவு செய்தது. நிஜாம்.

நிஜாம் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து பெர்மிட்டில் வந்தவன். யுகேந்திரனின் குழுவில் அவன்தான் இளையவன். சாரத்தில் அணில் மாதிரி ஏறுவான். இந்த வெயிலிலும் ஒரு நோன்பை விடவில்லை. எங்கே பார்த்தாலும் "என்னக்கா, சாப்டீங்களா?" என்பான், அலுவலகத்துக்குள் வந்தால் மட்டும் "மேடம்". அவன் பெயருக்கு நேரே ஓடிய கோடு சரியில்லை. நாலு துடிப்பு ஒழுங்காக ஓடும், ஐந்தாவதை விழுங்கிவிடும். மாதவி அவனைக் கம்பெனி கிளினிக்குக்கு அனுப்பினாள். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கு என்ன, குதிரை மாதிரி இருக்கான்" என்று திருப்பி அனுப்பினார். நோன்பில் உடம்பு வற்றிப்போவதால் பட்டைதான் குழம்புகிறது போலிருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள்.

ஆனாலும் மனசு கேட்காமல், அன்று சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். "அந்த நிஜாமைப் பாத்துக்கோங்க யுகேன். அவன் இதயம் ஒரு மாதிரி அடிக்குது. அடிக்கடி ஒரு துடிப்பு காணாமப் போவுது. கிளினிக்ல ஒன்னும் இல்லங்கறாங்க, எனக்குத்தான் பயமா இருக்கு. எங்கப்பா போறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் காட்டுச்சு."

யுகேந்திரனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவளை ஏறிட்டுப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தது போல் இருந்தது.

"என்னா?"

"ஒன்னும் இல்ல லா. உப்பு கொஞ்சம் கூட." தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ராயா பெருநாளுக்கு அப்புறம் பெரிய டாக்டர்கிட்ட காட்டச் சொல்றேன்."

அந்தப் பார்வையை அவள் அன்றே மறந்துவிட்டாள்.

பெருநாளுக்கு முந்தைய வாரம், ஒரு பிற்பகல். மேலே பத்தொன்பதாம் மாடியில் கான்கிரீட் ஊற்றுவதற்கான கடைசி வேலை நடந்துகொண்டிருந்தது. வெளியே வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருக்க, மாதவி குளிரூட்டியின் அடியில் உட்கார்ந்து ஒரு பாதுகாப்பு அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கணினி அலறியது.

நிஜாம். பத்தொன்பதாம் மாடி. சிவப்பு.

எண்ணைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். நூற்றைம்பதுக்கு மேலே போனது, பாதிக்குக் கீழே விழுந்தது, மறுபடி தாவியது. கோடு கோடாகவே இல்லை, சின்னப் பிள்ளை கிறுக்கியது போல இருந்தது. வாக்கி டாக்கியை எடுத்துக் கத்தினாள்.

"நிஜாம்! உடனே எறங்கு. எல்லாத்தையும் போட்டுட்டு ஹோய்ஸ்ட் கூண்டுல வா. தனியா வராத, யாரையாச்சும் கூட கூட்டிக்க."

"மேடம்? எனக்கா?" அவன் குரலில் குழப்பம். "நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"எறங்குன்னா எறங்கு!"

ஆம்புலன்ஸை அழைக்கக் கைப்பேசியை எடுத்தாள். முதலில் ஆளைப் பார்த்துவிடலாம் என்று தயங்கினாள். ஹோய்ஸ்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, கதவு திறந்தது. நிஜாம் உள்ளே வந்தான். உதடு வெடித்திருந்தது, சட்டை நனைந்திருந்தது. மற்றபடி மூச்சுக்கூட வாங்கவில்லை.

"ஒக்காரு. நெஞ்சு வலிக்குதா? கை மரத்துப்போவுதா?"

"இல்ல மேடம். நெசமா ஒன்னும் இல்ல. நோன்பு வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

மாதவி திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

நிஜாம். பத்தொன்பதாம் மாடி. சிவப்பு.

நிஜாம் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தான். நிஜாம் பத்தொன்பதாம் மாடியில் துடித்துக்கொண்டும் இருந்தான்.

"பட்டையைக் கழட்டி மேல வச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அது இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கழற்றி வைத்த பட்டையில் துடிப்பு வராது. அந்தப் பட்டை ஏதோ ஒரு மணிக்கட்டில் இருக்கிறது. அந்த மணிக்கட்டுக்கு உரியவனின் இதயம் தறிகெட்டு அடித்துக்கொண்டிருக்கிறது.

நிஜாம் வலது கையால் இடது மணிக்கட்டை மூடிக்கொண்டான்.

அவள் கண் திரையில் கணவனின் பெயரைத் தேடிப் போனது. யுகேந்திரன். தரைத்தளம், அலுவலகம். உடம்புச் சூடு மஞ்சள். துடிப்பு சீர்.

அலுவலகத்தில் அவளையும் நிஜாமையும் தவிர யாரும் இல்லை.

மாதவி வாக்கி டாக்கியை எடுத்தாள். விரல் பொத்தானைத் தேடி இரண்டு தரம் வழுக்கியது.

"ஃபோர்மன் யுகேன், கொப்பி?"

யுகேந்திரன் என்ற பெயருக்கு நேரே எண் அசையவில்லை. நிஜாம் என்ற பெயருக்கு நேரே, கீழே விழுந்து கிடந்த எண் துள்ளி எழுந்தது.

இந்த மாதம் முழுக்க அவள் கூப்பிட்டபோதெல்லாம் அது ஏறித்தான் இருந்திருக்கிறது. வேறொரு பெயருக்கு நேரே.

ரேடியோவில் பதில் வரவில்லை. யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"கையைக் காட்டு."

"அக்கா..."

"காட்டுடா!"

காட்டினான். மாதவி பட்டையைத் திருப்பினாள். உள்பக்கம், வியர்வையில் வெளுத்துப்போய், அவள் நெற்றிப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணன்தான் மாத்திக்கலாம்னு சொன்னாரு அக்கா." நிஜாம் அழ ஆரம்பித்துவிட்டான். "போன வருசம் நோன்புல ரெண்டு பேருக்கு சூடு ஏறி செவப்பு செவப்பா வந்துச்சில்ல? உடம்புக்கு லாயக்கில்லன்னு எழுதிட்டாங்க, பெர்மிட்டு புதுப்பிக்கல, ஊருக்கு அனுப்பிட்டாங்க. எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயந்துகிட்டு இருந்தேன். அண்ணன்தான், 'எனக்கு செவப்பு வந்தா யாரு கேக்கப் போறா, நான் ஃபோர்மன், அக்கா திட்டும் அவ்வளவுதான், பெருநாள் வரைக்கும் இதைப் போட்டுக்க'ன்னு அவர் கையிலேருந்து கழட்டிக் கட்டிவிட்டாரு. அல்லா மேல ஆணை, இப்படி ஆகும்னு தெரியாது அக்கா."

அந்த இரண்டு பேரின் பெயருக்கு நேரே 'தகுதியில்லை' என்று எழுதியது மாதவியின் கைதான். அப்போது அது சரியான வேலை என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

கைப்பேசியில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டே, சுவரில் மாட்டியிருந்த இதய அதிர்ச்சிக் கருவிப் பெட்டியை அப்படியே பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நிஜாம் பின்னாலேயே ஓடிவந்தான். ஹோய்ஸ்ட் ஓட்டும் தம்புசாமி வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு, "என்னாமா, தொப்பிகூட இல்லாம?" என்று கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கூண்டு ஏறியது. எத்தனை மெதுவான கூண்டு அது! கம்பிகளுக்கு நடுவே தண்டவாளம் கீழே போனது, கோயில் கோபுரம் கீழே போனது. மாதவி எதையும் பார்க்கவில்லை. சோற்றில் நின்றுபோன ஒரு கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அவன் இதயம் ஒரு மாதிரி அடிக்குது' என்று அவள் சொன்னபோது யுகேந்திரன் ஏறிட்டுப் பார்த்தானே, அந்தப் பார்வை.

அவனுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அவனுடைய நோயை அவனுக்கே எதிரில் உட்கார்ந்து, குழம்பு ஊற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அவன் உப்பு கூட என்றான்.

அவள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பத்தொன்பதாம் மாடியில் இரண்டு பேர் யுகேந்திரனைத் தூணோரமாகச் சாய்த்து உட்கார வைத்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் சிமெண்ட் நிறத்தில் இருந்தது. ரேடியோ பக்கத்தில் விழுந்து கிடந்தது. மாதவியைக் கண்டதும் கண்ணைப் பெரிதாக்கினான்.

"யாரு... உன்னை மேல வரச் சொன்னது? ஹார்னஸ் எங்க? தொப்பி எங்க?"

"வாயை மூடுங்க."

"காத்து லா மாது. வெறும் வாயு. செத்த நேரத்துல..." அதற்குமேல் அவனுக்கு மூச்சு வரவில்லை.

அவள் அவன் சட்டையைப் பிய்த்துத் திறந்தாள். பயிற்சி வகுப்பில் எத்தனை பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்த வேலை! இப்போது எந்த ஒட்டு மேலே, எந்த ஒட்டு கீழே என்று புரியவில்லை. நிஜாம்தான் பெட்டியின் மூடியில் இருந்த படத்தைப் பார்த்து, "இது வலது பக்கம் அக்கா, இது விலாவுல" என்று எடுத்துக் கொடுத்தான். கருவி சோதித்துவிட்டு, அதிர்ச்சி தேவையில்லை, கூடவே இருங்கள் என்று மலாயில் சொன்னது. இதயம் நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது, மோசமாக, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. மாதவி அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். நாலு, பிறகு ஒன்று காணோம். மூன்று, பிறகு ஒன்று காணோம். இத்தனை நாள் கண்ணால் பார்த்தது இப்போது உள்ளங்கையில் இடித்தது.

ஆம்புலன்ஸில் அவன் ஒருமுறைதான் பேசினான். "நிஜாமை ஒன்னும் சொல்லிடாத."

ஆஸ்பத்திரியில் நேராக உள்ளே கொண்டுபோனார்கள். இதயத்துக்குப் போகும் ஒரு குழாய் முக்கால்வாசி அடைத்துக்கொண்டிருப்பதாகவும், உடனே அடைப்பை நீக்கி உள்ளே வளையம் வைக்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். மாதவி தலையை ஆட்டினாள். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கே போட்டாள். நடைபாதை நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோதுதான், காலில் ஒரு செருப்பு இல்லாததைக் கவனித்தாள்.

நிஜாம் எதிர்ச் சுவரோரமாகத் தரையில் குந்தியிருந்தான். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. வார்டுக்கு வந்திருந்த ஒரு மலாய்க்காரப் பெண், கேட்காமலே அவன் கையில் இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் வைத்துவிட்டுப் போனாள். அவன் வாயில் வைக்கவில்லை.

"சாப்பிடு" என்றாள் மாதவி.

"எறங்காது அக்கா."

"காலையிலேருந்து ஒன்னும் இல்ல உனக்கு. நீயும் விழுந்துட்டா நான் எங்க போவேன்? சாப்பிடுடா."

அவன் ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை அவளிடம் நீட்டினான். அவளும் வாங்கித் தின்றாள். அப்போது கைப்பேசி அடித்தது. அவளுக்கு மேலதிகாரி, பாதுகாப்பு மேலாளர் ஜெயராஜ்.

"மாதவி, எப்படிம்மா இருக்கான்? ... சரி, சரி. கடவுள் இருக்காரு. இங்க ஆடிட் ஆளுங்க கேக்குறாங்க. சிஸ்டத்துல நிஜாமுக்குத்தான் செவப்பு காட்டுது, விழுந்தது யுகேன். பட்டை கோளாறுன்னு போட்டுடவா? எல்லாருக்கும் நல்லது."

மாதவி எதிரில் இருந்தவனைப் பார்த்தாள். அவன் போத்தலை மூடத் தெரியாமல் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். யுகேன் ஆம்புலன்ஸில் சொன்னது காதில் இருந்தது. ஆனால் கோளாறு என்று எழுதினால் பட்டையைத்தான் மாற்றுவார்கள். அடுத்த வருட நோன்பில் வேறு யாரோ வேறு யாருக்கோ கழற்றிக் கட்டிவிடுவார்கள். அப்போது கணினி யார் பெயரைச் சொல்லி அலறும்?

"பட்டை நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு பாஸ்" என்றாள். "ரெண்டு பேரும் மாத்திக் கட்டியிருந்தாங்க. மாத்தச் சொன்னது என் புருசன். ஒரு மாசமா கண்ணு முன்னாடி இருந்தும் கண்டுபிடிக்காதது நான்."

அவர் குறுக்கிடுவதற்குள் தொடர்ந்தாள்.

"ஏன் மாத்துனாங்கன்னும் எழுதுங்க. நோன்பு இருக்கிறவனுக்கு சூடு ஏறுனா அவனுக்கு வேலை நேரத்தை மாத்தணும். நாம ஆளை மாத்துனோம். போன வருசம் ரெண்டு பேரை அனுப்புனோமே, அதுல என் கையெழுத்தும் இருக்கு. அதையும் எழுதுங்க. நிஜாமை வேலையிலேருந்து எறக்குறதுன்னா முதல்ல என்னை எறக்குங்க பாஸ்."

"நீ இப்ப பதட்டத்துல இருக்க மாதவி."

"ஆமா. பதட்டத்துலதான் இருக்கேன். ஆனா இதை நாளைக்குக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன்."

ஜெயராஜ் பெருமூச்சு விட்டார். "ராயா முடியட்டும், ஒக்காந்து பேசுவோம். அதுவரைக்கும் அவனை யாரும் தொட மாட்டாங்க. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அவ்வளவுதான். அதற்குமேல் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை வார்டுக்குள் விட்டார்கள். யுகேந்திரன் வாடிப்போயிருந்தான், ஆனால் முகத்துக்கு நிறம் வந்திருந்தது. தலைமாட்டில் ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் கோடு வரிசையாக ஓடியது. எதையும் விழுங்கவில்லை. மாதவி அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் ஒருமையில் பேசியதில்லை. "நான் அன்னைக்குச் சொன்னப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறமும் மேல ஏறியிருக்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "கிளினிக்ல நிஜாமுக்கு ஒன்னுமில்லன்னு சொன்னாங்கன்னா, அப்ப அது நான்தானேன்னு புரிஞ்சுச்சு. சொன்னா அவன் கதி அன்னைக்கே முடிஞ்சிரும். ராயா வரைக்கும் ஓட்டிடலாம்னு நினைச்சேன். அப்புறம்..." கொஞ்சம் நிறுத்தினான். "பயம் லா மாது. நீ உங்கப்பாவைச் சொன்னீல்ல. அதுக்கு மேல கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

அவளுக்குத் திட்ட வேண்டும் போல இருந்தது. ராத்திரியெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவன் வெறும் மணிக்கட்டில், பட்டை இருந்த இடத்தில், வெயில் படாத தோல் வெளுத்துக் கிடந்தது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ரேடியோவில் கூப்பிடுவது போலவே மெல்லக் கூப்பிட்டாள்.

"ஃபோர்மன் யுகேன், கொப்பி?"

திரையில் எண் அசையவில்லை.

பட்டையை மாற்றிக் கட்ட இங்கே வேறு யாரும் இல்லை. மறுபடி எண்ணைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"ஏறாது லா" என்றான் யுகேந்திரன், கண்ணைத் திறக்காமலே. உதட்டோரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. "துடிப்பு ஏறக்கூடாதுன்னு மருந்து கொடுத்திருக்காங்க. நர்ஸ்கிட்ட கேட்டுட்டேன். இனிமே தினமும் போடணுமாம்."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் ஊசி குத்தியிருந்த கையைத் திருப்பி, அவள் விரல்களைப் பிடித்து அழுத்தினான். பலமில்லாத பிடிதான். விடவில்லை. மாதவி திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.